நாற்பதில் பாடத் தொடங்கியவரின் குரல்: எது பிசகினால் எதைப் பார்ப்பது

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலை பெரியவர்களுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு புது அணியிலும் மூன்றாவது, நான்காவது வாரம் யாராவது ஒருவர், நாற்காலிகளை அடுக்கிவைக்கிற சாக்கில் கடைசிவரை தங்கி நிற்பார். “டீச்சர், எனக்குத் தொண்டையே சரியில்லை போல. விட்டுடட்டுமா?” தாதி, பேருந்து ஓட்டுநர், கணினிக்காரர், பேரப்பிள்ளை எடுத்த பாட்டி என்று ஆள் மாறும், கேள்வி மாறாது.

முதல் சில வருடங்கள் நானும் அவர்கள் தொண்டையைத்தான் பிடித்துக்கொண்டு போராடினேன். இப்போது தொண்டைக்குக் கடைசியாகத்தான் வருவேன். சுருதி, சத்தத்தின் அளவு, உட்காரும் விதம், சாப்பிடும் நேரம் என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வழியிலேயே கோளாறு அகப்பட்டுவிடும். காசு செலவாகாத சோதனை முதலில், மருத்துவர் கடைசியில் என்றே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு வேலை: கைப்பேசியை முகத்துக்கு நேராக ஒரு கை நீளத்தில் வைத்து, ஒரு சரளி வரிசையோ (தொடக்கநிலை ஸ்வரப் பயிற்சி) ஒரு பல்லவியோ முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். தனக்குக் கேட்கும் தன் குரல் எலும்பு வழியாகவும் வருவதால் கனமாக இருக்கும்; பதிவில் மெலிந்து கேட்கும். முதல் தடவை எல்லோருக்கும் வெறுத்துப்போகும். அழிக்காமல் வைத்திருங்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதே முப்பது விநாடியைத் திரும்பப் பதிந்து ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: குரலில் காற்று கலந்து வருகிறது

ஊதுவத்திப் புகை போல, உருவமில்லாத குரல். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். என் வகுப்பில் அதிகம் வருகிற புகார் இதுதான்.

முதல் சோதனை: கீழ்த்தளத்தில் பந்து விளையாடும் உங்கள் பிள்ளையை மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடுவதாக நினைத்து, “டேய், மேல வா!” என்று ஒரு தடவை கூப்பிடுங்கள்.

கூப்பிடும் குரல் தெளிவு, பாடும் குரல் மட்டும் காற்று என்றால்

உங்கள் தொண்டையில் ஒன்றுமில்லை. நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் பயந்து பாடுகிறீர்கள்.

சிரிக்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன். அடுக்குமாடி வீட்டில், வேலை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, ஒன்பதரை மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைக் குரலில் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறீர்கள். தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல்நாண்கள் இரண்டும் முழுதாகச் சேராமல் இடையில் காற்றை விட்டால்தான் அந்த முணுமுணுப்பு வரும். ஆறு மாதம் அப்படியே செய்தால் அதுதான் உங்கள் பாட்டுக்குரல் ஆகிவிடும். சனிக்கிழமை வகுப்பில் வாய்விட்டுப் பாடச் சொன்னாலும் வராது. உடம்பு முணுமுணுப்பைத்தான் பழகியிருக்கிறது.

இதற்கு முதல் மருந்து நேரத்தை மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, மாலை ஏழு மணிவாக்கில், எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடும் நேரத்தில், பத்து நிமிடம் பேச்சுக்குரல் அளவில் பாடுங்கள். சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரிடம் பேசும் அளவு போதும், கத்த வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை சிரித்த முகத்தோடு, “பாட்டு கத்துக்கிறேன், தொந்தரவா இருந்தா சொல்லுங்க” என்று சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும். என் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி இப்போது நான் பாடாத நாளில் உடம்புக்கு முடியலையா என்று விசாரிக்கிறார்.

இரண்டாவது, இடத்தை மாற்றுவது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற பதுங்கறையில் போய்ப் பாடுகிறவர்கள் உண்டு. நான்கு பக்கமும் கான்கிரீட் என்பதால் எதிரொலித்து, உங்கள் குரல் உலகத்தரமாகக் கேட்கும். வெளியே வந்தால் பழைய கதைதான். குறையைக் கேட்க வேண்டுமென்றால் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, துணிகளைப் பார்த்து நின்று பாடுங்கள். கொஞ்சம்கூட இனிப்பு பூசாமல் உள்ளதை உள்ளபடி திருப்பித் தரும். நிறுத்திவைத்த காரும் நல்ல இடம். பல மாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டை மாடியில் சாயங்காலம் பாடுகிறவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். நடக்க வருகிறவர்கள் முதல் வாரம் முறைத்தார்களாம், மூன்றாம் வாரம் தலையசைத்தார்களாம்.

மூன்றாவது ஸ்ட்ரா. ஒரு குப்பியில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவின் நுனி இரண்டு மூன்று செண்டிமீட்டர் முங்கும்படி வைத்து, அதன் வழியாக ‘ஊ’ என்று ஸ பிடியுங்கள். குமிழி சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். வாய்ப்பக்கம் இருக்கும் அழுத்தம் குரல்நாண்களைத் திணறாமல் சேர வைக்கும். பபிள் டீ ஸ்ட்ரா வேண்டாம், அகலம் அதிகம், பிடிமானமே இருக்காது. பையில் கட்டித் தரும் காப்பியோடு வருகிற ஸ்ட்ரா சரியான அளவு. மூன்று நிமிடம் ஸ்ட்ராவில், உடனே அதே ஸ்வரங்களை வாய் திறந்து. வித்தியாசம் அந்த நிமிடமே காதில் விழும். இரவு பத்தரைக்கு மேலும் செய்யலாம், யார் தூக்கமும் கெடாது.

கூப்பிடும் குரலும் காற்றாகத்தான் வருகிறது என்றால்

ஒருமுறை இருமிப் பாருங்கள். வெடுக்கென்று வெட்டினாற்போல் வந்தால் குரல்நாண்கள் சேருகின்றன. இருமலே புஸ்ஸென்று காற்றாக வந்தால் மேலே சொன்ன பயிற்சி எதையும் தொடங்காதீர்கள்.

அடுத்து, நன்றாக மூச்செடுத்து ‘ஆ’ என்று வசதியான ஸ்வரத்தில் எத்தனை விநாடி நிற்கிறது என்று மூன்று முறை பாருங்கள். ஆரோக்கியமான பெரியவருக்குப் பதினைந்து விநாடிக்குக் குறையாமல் வரும். மூன்று முறையும் பத்தைத் தாண்டவில்லை, கூடவே பேச்சுக்குரலும் மாறியிருக்கிறது என்றால் மருத்துவர் பார்க்க வேண்டியது. குறிப்பாக முன்பு தைராய்டு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டித்தான் போகிறது.

அறிகுறி: தொண்டை இறுகுகிறது, இருபது நிமிடத்தில் வலிக்கிறது

குரல் நெரிந்து வரும். கழுத்து நரம்பு புடைக்கும். பாடி முடித்ததும் பேச்சுக்குரல் தேய்ந்திருக்கும். பாட்டு கற்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கால் வலி வேறு, இது வேறு. தொண்டையில் வலி வந்தால் அன்றைய சாதகம் அங்கேயே முடிந்தது.

முதலில் சுருதியைப் பாருங்கள்

எத்தனை கட்டையில், அதாவது உங்கள் ஸவை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறீர்கள், அதை யார் முடிவு செய்தது? பெரும்பாலும் பதில் வராது. ஓர் அம்மா, மகளின் வகுப்புப் பதிவை வைத்துக்கொண்டு ஆறரைக் கட்டையில் ஒரு வருடம் கத்தியிருந்தார். ஓர் அண்ணன் திரைப்பாட்டு கரோக்கியில் அசல் சுருதியிலேயே பாடுவேன் என்று அடம்பிடித்தார். கரோக்கியின் சுருதி மாற்றும் பொத்தானில் இரண்டு படி இறக்கினதும் அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “யாரு பாடுறது?” என்றாராம்.

கர்நாடக இசையில் ஆண்கள் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டரைக் கட்டைக்குள்ளும், பெண்கள் நான்கரையிலிருந்து ஆறு கட்டைக்குள்ளும் வருவார்கள். உங்களுடையதைக் கண்டுபிடிக்க, கீழே மந்திர ஸ்தாயி ப, மேலே தார ஸ்தாயி க இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.

கீழ் ப காணாமல் போகிறது என்றால் சுருதி தாழ்வு, அரைக் கட்டை ஏற்றுங்கள். மேல் க கத்தினால்தான் வருகிறது என்றால் சுருதி உயரம், அரைக் கட்டை இறக்குங்கள். இரண்டுமே வரவில்லையா? கவலைப்படாதீர்கள், தொடக்கத்தில் அப்படித்தான். சரளி வரிசைக்கு ஸ முதல் மேல் ஸ வரை போதும்; அந்த எட்டு ஸ்வரமும் சிரமமில்லாமல் உட்காரும் கட்டையை எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சுருதியை இறக்குவதை மானப் பிரச்சினையாக நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கட்டை என்ன சம்பளமா, ஏறிக்கொண்டே போக?

சுருதி சரி, ஆனாலும் இறுகுகிறது என்றால்

உட்காருவதைப் பாருங்கள். பாட்டு என்றால் சம்மணம் என்று நாம் பழக்கிவைத்திருக்கிறோம். நாற்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு, தரையில் உட்கார்ந்ததும் பின்னால் சரியும். முதுகு கூனும், முகவாய் முன்னே நீளும், வயிறு மடியும். மூச்சு போக இடமில்லாமல் கழுத்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மடித்த துண்டையோ தலையணையையோ இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள். அதுவும் முடியாதென்றால் நாற்காலி நுனியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு கட்டைவிரலை முகவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் உள்ள மெத்தென்ற பகுதியில் லேசாக வையுங்கள். ஸ ரி க பாடுங்கள்.

விரலை அந்த இடம் இடித்துக் கீழே தள்ளுகிறதென்றால் நாக்கின் அடிப்பகுதி இறுகியிருக்கிறது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்புறம் தொட வைத்து, ‘லா லா’ என்று சோம்பலாகப் பாடுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் நாக்கை வெளியே தொங்கவிட்டு ‘ஆ’ பாடுங்கள். கண்ணாடியில் பார்க்க அசிங்கமாக இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

விரல் அசையவில்லையென்றால் தொடக்கத்தைக் கவனியுங்கள். ‘ஆ’ என்று தொடங்கும்போது தொண்டையில் ‘டக்’ என்று ஒரு சின்ன வெடிப்பு கேட்கிறதா? குரல்நாண்களை மூடிவைத்துக்கொண்டு உடைத்துத் திறக்கிறீர்கள். ‘ஹா’ என்று பத்து முறை, பிறகு அந்த ஹ மனதுக்குள் மட்டும் இருக்கும்படி ‘ஆ’ பத்து முறை. இரண்டு வாரம் செய்தால் போய்விடும்.

இன்னும் போகவில்லையென்றால் பகலில் அந்தக் குரல் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். துணைப்பாட ஆசிரியர், கடைக்காரர், வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் இருப்பவர் எல்லாம் மாலைக்குள் ஒரு கச்சேரி அளவுக்குத் தொண்டையைச் செலவழித்திருப்பார்கள். அவர்களுக்குச் சாதகம் காலையில்தான். இதற்குப் பிறகும் இறுக்கம் நீடித்தால் நேரில் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் தேவை. காணொளி பார்த்துத் திருத்திக்கொள்ளும் கட்டம் தாண்டிவிட்டது. சமூக மன்ற வகுப்போ, 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடமோ, தனி ஆசிரியரோ, எதுவானாலும் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டா?

அறிகுறி: மூக்கால் பாடுவதுபோல் இருக்கிறது

‘ஆ’ என்று ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, நடுவில் இரு விரலால் மூக்கைப் பொத்தித் திறந்து, பொத்தித் திறந்து பாருங்கள்.

சத்தம் மாறினால் மூக்கு வழியாகக் காற்று ஒழுகுகிறது. மாறவில்லையென்றால் மூக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயைக் குறைவாகத் திறந்து, உதட்டைப் பக்கவாட்டில் இழுத்து, குரலைக் கூர்மையாக்குகிறீர்கள். நாம் எல்லாவற்றையும் ‘மூக்குக்குரல்’ என்று சொல்லிவிடுகிறோம். தாடையைத் தளர்த்தி, இரண்டு விரல் செங்குத்தாக நுழையும் அளவு வாயைத் திறந்து பாடிப் பாருங்கள்.

ஒழுகுகிறதென்றால் நம் மொழியே உதவிக்கு வரும். மூக்குக்கு உரியது மெல்லினம் என்று பள்ளியில் படித்தோமே. ஸ ரி க ம ப த நி ஏழில் மூக்குக்கு வேலை கொடுப்பவை ம, நி இரண்டுதான். ‘ம’ பாடத் திறந்த கதவை ‘ப’வுக்கு மூடாமல் விடுவதுதான் பலருக்கும் தவறு. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘க ப த ப க’ பாடுங்கள். தடையில்லாமல் வர வேண்டும். பிறகு ‘மாங்காய்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். ‘ங்’ முடிந்து ‘கா’ பிறக்கும் அந்த இடத்தில் வாயின் மேற்கூரையின் பின்பகுதி மேலே எழுவது தெரியும். பாடும்போது அது எழுந்தபடியே இருக்க வேண்டும். ‘ங்கா ங்கா’ என்று ஸ முதல் ப வரை ஏறி இறங்குங்கள்.

இதற்கு நேர்மாறாக, ‘அம்மா’ என்பது ‘அப்பா’ போலக் கேட்கிறதென்றால் மூக்கு அடைத்திருக்கிறது. சளி, தூசுப்பூச்சி ஒவ்வாமை, கழுவாத ஏர்கான் வடிகட்டி என்ற வரிசையில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்கில் அடைப்பு, அல்லது இரத்தம் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

அறிகுறி: மேலே போனால் குரல் உடைகிறது

ஆண்களே, ஒன்று இரண்டு கட்டையில் பாடுகிறீர்களா? மேல் ஸவைத் தாண்டி ரி, க, ம என்று போகும் பகுதியில் உடைகிறதா? பெண்களே, ஐந்து கட்டையில் த, நி, மேல் ஸ அருகில் மாறுகிறதா? அங்கேதான் உடையும். கனமான மார்புக்குரலிலிருந்து மெல்லிய தலைக்குரலுக்கு மாறும் இடம் மனிதத் தொண்டையில் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன்.

உடைகிற இடம் தினமும் ஒன்றே என்றால், உடைவதற்கு மூன்று ஸ்வரம் முன்பிருந்தே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஏறுங்கள். பெரும்பாலோர் பயத்தில் சத்தத்தைக் கூட்டுவார்கள். எடை கூடினால் மேலே தூக்க முடியாது. மேலிருந்து கீழே வருவது ஏறுவதைவிடச் சுலபம், அதனால் மேல் ஸவை ‘ஊ’ என்று மெல்லப் பிடித்து அவரோகணமாக இறங்கிப் பழகுங்கள். உதட்டைப் ‘புர்ர்ர்’ என்று குதிரைபோல் அதிர விட்டு ஏறி இறங்குவதும் நல்லது. மேலே மெலிந்த பொய்க்குரலில் பாடும் கள்ளத்தொண்டை கூடாது என்று பெரியவர்கள் திட்டுவார்கள். மேடைக்குச் சரி. வீட்டில் பயிற்சிக்கு அந்தக் கள்ளனைத்தான் முதலில் பிடித்துப் பழக்க வேண்டும். பிறகு அவன் வீட்டு ஆளாகிவிடுவான்.

இடம் தினம் ஒன்றாக மாறுகிறது, நேற்று வந்த ஸ்வரம் இன்று வரவே இல்லை என்றால் தூக்கம், சளி, மாதவிலக்கு நாட்கள் எல்லாம் கணக்கில் வரும். ஐம்பதையொட்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் குரல் தாழ்வது இயல்பு. சண்டை போடாமல் சுருதியை இறக்குங்கள். ஆனால் மேல் ஸ்வரங்கள் மெல்லப் பாடினால் மட்டும் காற்றாகப் போகின்றன, கத்தினால் வருகின்றன, இது மூன்று வாரமாக மாறவில்லை என்றால் குரல்நாணில் வீக்கமோ காய்ப்போ இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: சுருதி நிற்கவில்லை

குரல் நயம் பற்றிப் பேச வந்து சுருதிக்கு வருகிறேனே என்று பார்க்காதீர்கள். சுருதி விலகினால் நல்ல குரலும் புளித்துத்தான் கேட்கும்.

கைப்பேசித் தம்பூராச் செயலியைக் கைப்பேசி ஒலிபெருக்கியிலேயே கேட்கிறீர்களா? அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆண்களின் கீழ் ஸவைச் சரியாக ஒலிக்கத் தெரியாது. ஒரு காதில் மட்டும் செவிப்பொறி போட்டு, மறுகாதைத் திறந்து வைத்துப் பாடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

மீதிப் பேருக்கு: சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ரியும் தவும் ஸவையும் பவையும் ஒட்டி உட்கார வேண்டும், நி மேல் ஸவை ஒட்டி நிற்க வேண்டும். என் வகுப்பில் ரி மேலே ஏறும், நி கீழே தொங்கும். இந்த இரண்டை மட்டும் பதிவில் கேட்டுத் திருத்துங்கள். வரி முடிவில் மட்டும் இறங்குகிறதென்றால் அது மூச்சு தீர்ந்த அடையாளம். வரியைப் பாதியாக வெட்டி மூச்செடுங்கள்.

அறிகுறி: கரகரப்பு, சளி கட்டியதுபோல் எப்போதும் ஒரு உணர்வு

இதற்குத்தான் நம் ஆட்கள் அதிகம் செலவு செய்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய் அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று ஒரு பை வாங்கிவருவார்கள். பக்கத்து வீட்டார் சொன்ன சீன மூலிகைப் பாகும் அலமாரியில் இருக்கும். நானும் சுக்குத் தண்ணீர் குடிப்பவள்தான், தொண்டைக்கு இதமாக இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் விழுங்குகிற எதுவும் குரல்நாண்மீது படாது. பட்டால் புரையேறிவிடும். வாயும் மேல் தொண்டையும்தான் நனைகின்றன. மென்தால் மிட்டாயில் எச்சரிக்கை வேண்டும்: உறைத்து, மரத்து, வலி தெரியாமல் பாட வைத்துவிடும்.

வரிசையாகப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை கனைக்கிறீர்கள்? வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாது. கனைக்கும் ஒவ்வொரு முறையும் குரல்நாண்கள் மோதிக்கொள்கின்றன, அதில் எரிச்சலாகி இன்னும் சளி சுரக்கிறது, அதற்காக மறுபடி கனைப்பு. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள், இல்லையென்றால் எச்சிலையாவது. ஒரு வாரத்தில் பாதி குறையும்.

தண்ணீர் எப்போது குடிக்கிறீர்கள்? பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு குப்பி குடித்தால் பயனில்லை. நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். வெளியே ஊரே ஈரம், ஆனால் நாம் எட்டு மணி நேரம் உட்காருவது ஏர்கானில். காற்று நேராக முகத்தில் படும் இடத்திலிருந்து நகருங்கள். காப்பியை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். நாலு ‘கோப்பி-ஓ’ (பாலில்லாக் காப்பி) இரண்டாகட்டும்.

கரகரப்பு காலையில் மட்டும், பத்து மணிக்குள் தெளிந்துவிடுகிறதென்றால் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். பதினொரு மணிக்கு ரொட்டி பிராட்டாவும் மீன் குழம்பும், பதினொன்றரைக்குப் படுக்கை. படுத்ததும் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைத் தொடும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது நடக்கலாம் என்பதால் பலர் நம்ப மறுப்பார்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாட்டை முடித்து, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி மூன்று வாரம் பாருங்கள். மாறவில்லையென்றால் மருத்துவரிடம் மருந்து உண்டு.

என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகு எனக்குப் பல மர்மங்கள் விளங்கின. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து குரலைக் கரகரப்பாக்கலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சில ஒவ்வாமை மாத்திரைகள் தொண்டையை உலர்த்தும். எனலாபிரில், லிசினோபிரில் வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, “நான் பாடுறேன், வேற மாத்திரை இருக்கா?” என்று கேளுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நூறைத் தாண்டினால் மொட்டை மாடிச் சாதகம் வேண்டாம். 2013 ஜூனில் அது நானூற்றொன்றைத் தொட்ட வாரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஸ்ட்ராவில் ஐந்து நிமிடம், மீதி நேரம் தாளம் போட்டுப் பழகலாம், பாட்டைக் கேட்கலாம். குரல் தேய்ந்த நாளில் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு அல்ல. கிசுகிசுப்பதும் தொண்டையைச் சிரமப்படுத்தும். பேசினால் மெல்லிய சாதாரணக் குரலில், இல்லையென்றால் பேசாமல்.

அறிகுறி: வீட்டில் நன்றாக இருக்கிறது, மைக்கில் மட்டும் கெட்டுப்போகிறது

குரலைத் தொடாதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். எதிரொலியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லையென்றால்தான் கத்துவீர்கள். உங்கள் பக்கம் ஒரு ஒலிபெருக்கியைத் திருப்பச் சொல்லுங்கள். இருநூறு வெள்ளிக்குச் சொந்த மைக் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அந்தக் காசுக்கு இன்னும் சில வகுப்புகள் வாருங்கள்.

எந்த அறிகுறியானாலும், சோதனையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவை

கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது. சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் வந்தது, அல்லது புகைபிடிப்பவர், முன்பு பிடித்தவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

விழுங்கச் சிரமம், எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவு. இவற்றுக்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

மூச்சு இழுக்கும்போது சத்தம், மூச்சுத்திணறல்: நேராக அவசரப் பிரிவு.

பாடும்போதோ கத்தும்போதோ திடீரென்று குரல் பட்டென்று போய்விட்டது. குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நொடியே நிறுத்துங்கள், யாருக்கும் விளக்கம் சொல்லக்கூட வாயைத் திறக்காமல், ஓரிரு நாளில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் எடுப்பவர் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அவசரமில்லாதவற்றுக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்கினால் போதும். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். நேராகத் தனியாரிடம் போனால் சீக்கிரம் பார்க்கலாம், பணம் முழுசும் உங்களுடையது. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுக் குரல்நாண்களைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். நிறையப் பேருக்கு அறுவை எதுவும் தேவைப்படாமல், பேச்சு சிகிச்சையாளரிடம் சில அமர்வுகளோடு முடிந்துவிடும்.

உள்ளே போனதும், “கொஞ்சம் தொண்டை சரியில்லை, டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த ஸ்வரத்தில் போகிறது, எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் நாள் எடுத்த முப்பது விநாடிப் பதிவு கைப்பேசியில் இருக்கிறதல்லவா, அதையும் இன்றைய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.